பழுது பார்த்தபின் வரும் பழுது
(மோட்டார் எஞ்சின் நிதான ஓட்டத்தில் தடுமாறினால் காரணம் கண்டறியும் முறை)

மேட்டுப்பாளையம், காரமடை, சிறுமுகைப் பிரதேசத்துக் குடியானவர்களுக்கு மோட்டார் வண்டியின் அவசியத்தை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. வாழைத்தாரும் கறிவேப்பிலையும் பாக்கும் காய்கறியும் உரிய வேளையில் சந்தை சேரவேண்டுமாயின் வண்டி வேண்டும். பருவம் தவறாமல் உழவேண்டுமாயின் டிராக்டர் வேண்டும். இவற்றுக்கு ஆயில் மாற்றுதல், ஏர் பில்டரைச் சுத்தம் செய்தல், ஸ்பார்க் பிளக் மாற்றுதல், டீஸல் பில்டர் மாற்றுதல் முதலிய சிறு வேலைகளைப் பட்டறைக்குப் போகாமல் தம் களத்திலேயே செய்துகொள்வோர் நம் பக்கத்தில் பலர் உளர். இது போற்றத்தக்க வழக்கமே. பணமும் பொழுதும் மிச்சமாவதோடு, தம் யந்திரத்தின் குணத்தை உடையவரே அறிந்துகொள்ளவும் இது வழிசெய்கிறது. கோயமுத்தூர் ஜில்லாவில் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள் (1893–1974) இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைத் தாமே பிரித்துப் பூட்டியே யந்திர ஞானத்தை வளர்த்துக்கொண்டார் என்பதும், பின்னர் 1920-ஆம் வருஷத்தில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிப் பெரும் போக்குவரத்து ஸ்தாபனத்தை உண்டாக்கினார் என்பதும் இந்த ஜில்லாவார் அறிந்தவையே.

எனினும், இவ்வாறு வீட்டில் வேலை செய்த மறுநாளே ஒரு புதுத் தொல்லை தோன்றுவதுண்டு. வண்டி ஓடும்போது குறை தெரிவதில்லை. நிறுத்தி வைத்து எஞ்சினை மட்டும் ஓடவிட்டால் அது குலுங்கித் தடுமாறுகிறது. சில சமயம் தானே நின்றும்விடுகிறது. இதன் காரணத்தை எவ்வாறு ஒழுங்காகக் கண்டறிவது என்பதை இக்கட்டுரையில் விளக்குவோம்.

முதல் விதி

பயிருக்கு வரும் நோயை அறிவதற்கும் யந்திரத்தின் கோளாறை அறிவதற்கும் முறை ஒன்றே. உரம் வைத்த மறுவாரம் வாழையிலையின் ஓரம் கருகினால், அனுபவமுள்ள குடியானவர் உடனே புது நோய் வந்துவிட்டதென்று மருந்துக் கடைக்கு ஓடமாட்டார். என்ன உரம், எவ்வளவு, மரத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் வைக்கப்பட்டது, அதன்பின் தண்ணீர் பாய்ந்ததா என்று விசாரிப்பார். அதுபோலவே, முந்திய நாள் வரையில் சரியாக ஓடிய எஞ்சின் கைவைத்தபின் தடுமாறுமாயின், காரணத்தைக் கைபட்ட இடத்திலேயே முதலில் தேடவேண்டும். கைபட்ட ஒவ்வோரிடத்தையும் பார்த்து முடித்த பின்னரே மற்ற இடங்களைச் சந்தேகிக்கலாம்.

இவ்விதியை மீறுவதால் விளையும் நஷ்டத்தை ஓர் உதாரணத்தால் காட்டலாம். ஒரு குடியானவர் ஏர் பில்டரைச் சுத்தம் செய்வதற்காக ரப்பர்க் குழாயைக் கழற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரும்பப் பூட்டும்போது குழாயின் கிளிப்பைச் சரியாக முறுக்கவில்லை. எஞ்சின் தடுமாறுகிறது. அவர் பிளக்குகளின் மேல் சந்தேகங்கொண்டு நான்கு புதுப் பிளக்குகள் வாங்கிப் போடுகிறார், குணமில்லை. பிறகு காயில் வாங்குகிறார். பிறகு இஞ்செக்டரைக் கழுவக் கொடுக்கிறார். கிளிப்போ தளர்ந்தபடியே இருக்கிறது. மேலும், ஒவ்வொரு முறை கைவைக்கும்போதும் புதியதொரு தவறு நேர இடமுண்டாகையால், ஒரு சந்தேகம் இருந்த இடத்தில் இப்போது நான்கு சந்தேகங்கள் சேர்ந்துவிட்டன. காசு செலவில்லாமல் ஒரு திருப்புளியால் தீரவேண்டிய காரியம் ஆயிரக்கணக்கான ரூபாயை விழுங்கிவிடுகிறது.

நிதான ஓட்டத்தில் மட்டும் குறை தெரிவதேன்?

ஆக்ஸிலரேட்டரை மிதியாமல் எஞ்சின் தானே மெல்ல ஓடுவதை மெக்கானிக்குகள் ‘ஐடிலிங்’ என்பர். இங்கு அதை நிதான ஓட்டம் என்று குறிப்போம். சூடேறிய பெட்ரோல் எஞ்சின் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 700 முதல் 900 சுற்று வரையில் நிதானமாக ஓடும். நான்கு சிலிண்டர் எஞ்சின் 800 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிஷத்துக்கு 400 தடவை எரிப்பு நிகழ்கிறது. இவற்றுள் ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிடில், மற்ற மூன்றும் எஞ்சினை உந்த, நான்காவது முறை தோறும் ஓர் இடைவெளி விழுகிறது. அதுவே குலுக்கமாகத் தெரிகிறது. வேகமாக ஓடும்போது சுழல் சக்கரத்தின் கனமும் வேகமும் இந்த இடைவெளியை மறைத்துவிடும்.

காற்றின் கணக்கும் இத்தகையதே. நிதான ஓட்டத்தில் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருப்பதால் எஞ்சின் மிகச் சொற்பமான காற்றையே இழுக்கிறது. 200 லிட்டர் பீப்பாயில் கலந்த மருந்தில் ஒரு குடம் தண்ணீர் அதிகமாக விழுந்தால் வீரியம் அவ்வளவாகக் குறையாது. 10 லிட்டர் தெளிப்பானில் அதே குடம் விழுந்தால் மருந்து பயனற்றுப்போகும். ரப்பர்க் குழாயின் சிறு இடுக்கு வழியே புகும் காற்று, வேகமாக ஓடும்போது பீப்பாயில் விழுந்த குடத்தைப் போன்றது. நிதான ஓட்டத்தில் அது தெளிப்பானில் விழுந்த குடத்தைப் போன்றது. ஆகையால், ‘ஓடும்போது நன்றாக ஓடுகிறதே’ என்று அலட்சியமாய் இருந்துவிடலாகாது.

சோதனைக்கு முன் செய்யவேண்டியவை

எஞ்சினை நிறுத்திவிட்டு, செய்த வேலைகளை வரிசையாக ஒரு காகிதத்தில் எழுதவேண்டும். எதைக் கழற்றினோம், அதைக் கழற்றுவதற்காக வேறு எதை விலக்கினோம், எந்தப் புதுச் சாமானைப் போட்டோம், பாட்டரிக் கம்பியை எடுத்தோமா, தண்ணீர் ஊற்றினோமா என்பனவெல்லாம் அதில் அடங்கவேண்டும். விலக்கியவற்றை மறந்துவிடுவதே வழக்கம். தவறும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அடுத்து, தடுமாற்றத்தின் தன்மையைக் கவனிக்கவேண்டும். ஒழுங்கற்று விட்டுவிட்டுக் குலுங்குவது எரிப்புத் தவறுவதன் அடையாளம். இதையே பட்டறைகளில் ‘மிஸ்ஸிங்’ என்கிறார்கள். சுற்று ஏறியும் இறங்கியும் அலைவது காற்றின் அளவு கெட்டதன் அடையாளம். ஓட்டம் சீராயிருந்தும் வண்டியின் உடல் மட்டும் அதிருமாயின், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் கெட்டிருக்கலாம். குளிர்ந்திருக்கும்போது மட்டும் தடுமாறுகிறதா, சூடேறிய பின்னுமா என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும்.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, உடனே ஓட்டிப் பார்க்கவேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், குணம் கண்டாலும் எதனால் கண்டதென்று தெரியாது.

காற்றுக் குழாய்களும் ஆயில் மூடியும்

தற்காலத்துப் பெட்ரோல் வண்டிகள் பலவற்றில், ஏர் பில்டருக்கு அப்பால் காற்றை அளக்கும் ஒரு நுட்பமான கருவி உண்டு. அது அளந்து சொல்லும் காற்றுக்கு ஏற்பவே பெட்ரோல் விடப்படுகிறது. அக்கருவிக்கும் எஞ்சினுக்கும் இடையில் எங்கேனும் இடுக்கு இருந்தால், அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்து கலவை நீர்த்துப்போகும். ஆகவே ரப்பர்க் குழாயின் இரு முனைகளையும் கிளிப்புகளையும் மடிப்புகளிலுள்ள வெடிப்புகளையும் முதலில் பார்க்கவேண்டும். வேறு சில வண்டிகளில் காற்றின் அளவுக்குப் பதிலாக உட்குழாயின் அழுத்தத்தை அளக்கிறார்கள். அவற்றில் இடுக்கு ஏற்பட்டால் சுற்று வழக்கத்துக்கு மேல் ஏறி நிற்பதே முதல் அடையாளம்.

விரல் பருமனுள்ள சிறு ரப்பர் டியூப்புகளில் ஏதேனும் ஒன்று கழன்று கிடக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். ஒரு முழம் நீளமுள்ள ரப்பர் டியூப்பின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் அருகே நகர்த்திக்கொண்டுபோனால், காற்றை இழுக்கும் இடத்தில் சீறும் ஓசை கேட்கும். மின்சார இணைப்பில்லாத இடமாயின், சந்தேகப்பட்ட மூட்டின்மேல் சோப்புத் தண்ணீரைச் சிறிதளவு துளித்துளியாக விடலாம். ஓட்டம் சட்டென மாறினால் இடுக்கு அங்கே இருக்கிறதென்று பொருள். இதற்குப் பெட்ரோலையோ எரியக்கூடிய வேறு திரவத்தையோ தெளிப்பது தீவிபத்துக்கு இடமாகும்.

ஆயில் மாற்றியபின் தடுமாறினால், ஆயில் ஊற்றும் மூடியையும் அளவுக்கோலையும் பார்க்கவேண்டும். எஞ்சினின் உட்புறத்து ஆவி ஒரு குழாய் வழியே காற்றுப் பாதையோடு சேர்க்கப்பட்டிருப்பதால், மூடி சரியாக அமராவிடில் அவ்வழியாகவும் அளக்கப்படாத காற்று புகும். மேல் கோட்டுக்கு அதிகமாக ஆயில் ஊற்றியிருந்தாலும் தீங்கே. அது அதே குழாய் வழியே எரிப்பறைக்குப் போய்ப் புகையையும் பிளக்கில் பிசுக்கையும் உண்டாக்கும்.

காற்றளவுக் கருவியை விரலால் தொடுவதும், துணியால் துடைப்பதும், பலமான காற்றால் ஊதுவதும் கூடா. பில்டர்க் காகிதத்தில் எண்ணெய் தடவினால் அவ்வெண்ணெய் பறந்து கருவியின் நுண்ணிய கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும்.

ஸ்பார்க் பிளக்கும் காயிலும்

புதுப் பிளக் போட்டபின் தடுமாறினால் நான்கு விஷயங்களைப் பார்க்கவேண்டும். முதலாவது, பிளக் அவ்வண்டிக்கு உரியதுதானா என்பது. இரண்டாவது, முனைகளின் இடைவெளி. இது வண்டிக்கு வண்டி வேறுபடும், பெரும்பாலும் 0.7 மில்லிமீட்டருக்கும் 1.1 மில்லிமீட்டருக்கும் இடையில் இருக்கும். கீழே விழுந்த பிளக்கில் இடைவெளி குறுகியிருக்கும். வெள்ளைப் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறலும் விழுந்திருக்கலாம். மூன்றாவது, இறுக்கம். கையாலேயே முழுதும் திருகி உட்காரவைத்த பின்னரே ஸ்பானர் போடவேண்டும். வாஷருள்ள புதுப் பிளக்கை அதன்பின் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்குச் சுற்று வரையில் முறுக்குவது பொது வழக்கம். கம்பெனிப் புத்தகத்தில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே கொள்ளவேண்டும். நான்காவது, காயிலின் மின்சாரச் சொருகு ‘க்ளிக்’ என்ற ஓசையுடன் அமர்ந்ததா என்பது. பழைய வண்டிகளில் பிளக் கம்பிகள் இடம் மாறியிருக்கக்கூடும். நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பான்மையானவை 1, 3, 4, 2 என்ற வரிசையில் எரிவன.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதை எளிதில் அறியலாம். எஞ்சினை நிறுத்தி, ஒரு காயிலின் சொருகை மட்டும் கழற்றிவிட்டு ஓடவிடவேண்டும். தடுமாற்றம் முன்னிலும் அதிகரித்தால் அச்சிலிண்டர் நன்றாக இருக்கிறது; வித்தியாசமே இல்லையாயின் அதுவே குறையுள்ள சிலிண்டர். பிறகு அதன் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கவேண்டும். குறையும் கூடவே இடம்பெயர்ந்தால் காயில் கெட்டது. பெயராவிடில் பிளக்கை அவ்வாறே மாற்றிப் பார்க்கவேண்டும். இச்சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அரை நிமிஷத்துக்கு மேல் ஓடவிடலாகாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள சுத்திகரிப்புக் கருவியில் எரிந்து அதைப் பாழாக்கும். எஞ்சின் ஓடும்போது பிளக் கம்பியைக் கையால் பிடுங்குவது அபாயம். அதில் பாயும் மின்சாரம் பல்லாயிரம் வோல்ட்.

கழற்றிய பிளக்கின் நிறமும் செய்தி சொல்லும். பிஸ்கத்து நிறமாயின் எரிப்பு நன்று. உலர்ந்த கருங்கரியாயின் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் கலவை நீர்த்தது அல்லது சூடு மிகுந்தது. ஆயில் பிசுக்காயின் ஆயில் உள்ளே வருகிறது.

கோளாறென்று தோன்றும் கோளாறல்லாதவை

த்ராட்டில் தகட்டில் படிந்த கரியைத் துடைத்தபின் சுற்று ஏறிப்போவதும் அலைவதும் உண்டு. காரணம் இதுவே: கரி படியப்படிய, எஞ்சினின் மின்னணு மூளை தகட்டைச் சிறுகச் சிறுக அதிகம் திறந்து பழகியிருக்கிறது. கரி நீங்கியதும் அதே திறப்பில் அதிகக் காற்று போகிறது. பாட்டரிக் கம்பியைக் கழற்றினாலும் சில வண்டிகளில் இப்பழக்கம் அழிந்துபோகும். இவ்விரண்டிலும் உதிரிச் சாமான் எதுவும் வாங்கவேண்டியதில்லை. சில நாள் ஓட்டத்தில் தானே சரிப்படலாம்; இல்லையேல் கம்பெனிப் புத்தகத்தில் கூறியபடியோ பட்டறைக் கருவியாலோ மறுபடி பழக்கிவிடவேண்டும். சாவியைத் திருப்பிய நிலையில் மின்னணுத் தகட்டை விரலால் தள்ளினால் விரலுக்கும் கேடு, உள்ளிருக்கும் பற்சக்கரத்துக்கும் கேடு.

தண்ணீரால் வருவது

ஆயுத பூஜைக்கு முன்னாள் வண்டியையும் டிராக்டரையும் கழுவிப் பொட்டிடுவது நம் வழக்கம். கிணற்று மோட்டாரின் குழாயை எஞ்சினின்மேல் நேராகத் திருப்பிவிட்டால், பிளக் அமர்ந்துள்ள குழிகளிலும் மின்சாரச் சொருகுகளிலும் தண்ணீர் தங்கும். மின்பொறி வழிதவறி மிஸ்ஸிங் உண்டாகும். எஞ்சின் ஆறியபின் காயில்களைக் கழற்றி, குழியிலுள்ள தண்ணீரைக் காற்றால் ஊதியெடுத்து, சொருகுகளை நன்கு உலரவைத்துப் பூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். குழியில் தண்ணீர் இருக்கும்போதே பிளக்கைக் கழற்றினால் அது சிலிண்டருக்குள் இறங்கிவிடும். எஞ்சினை ஈரத்துணியால் துடைப்பதே உத்தமம்.

டீஸல் எஞ்சின்கள்

டீஸல் பில்டர் மாற்றியபின் டிராக்டர் தடுமாறினால், குழாயில் காற்று புகுந்ததே காரணமென்று முதலில் கொள்ளலாம். பழைய முறைப் பம்ப் உள்ள டிராக்டர்களில் காற்றை வெளியேற்றும் விதமாவது: டாங்கில் போதிய டீஸல் இருப்பதையும் குழாய் திறந்திருப்பதையும் பார்த்துக்கொண்டு, முதல் பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்கவேண்டும். நுரையும் குமிழியும் நின்று தெளிந்த டீஸல் வந்ததும் திருகை முறுக்கவேண்டும். இவ்வாறே இரண்டாம் பில்டரிலும், பிறகு பெரிய பம்பிலும் செய்யவேண்டும். வரிசை மாறினால் காற்று மீண்டும் முன்னோக்கிப் போகும்.

காற்றை எடுத்த மறுநாளே மறுபடி தடுமாறினால், எங்கோ காற்று புகுந்துகொண்டே இருக்கிறது. இங்கே பலரும் ஏமாறுவதுண்டு. டாங்கிலிருந்து சிறு பம்ப் வரையிலுள்ள பகுதியில் டீஸல் உறிஞ்சப்படுகிறது. அதிலுள்ள ஓட்டை காற்றை உள்ளே இழுக்குமேயன்றி எஞ்சின் ஓடும்போது டீஸலைச் சொட்டவிடாது. ஆதலால் ‘எங்கும் ஒழுகவில்லை’ என்பதால் மூட்டுகள் நன்றென்று முடிவுசெய்யலாகாது. அப்பகுதியில் தற்காலிகமாக ஒரு கண்ணாடி டியூப்பைப் பூட்டினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். பழைய வாஷரை மீண்டும் போடுதல், பில்டரின் ரப்பர் வளையம் முறுகி அமர்தல் ஆகிய இரண்டும் இதற்குச் சாதாரணக் காரணங்கள். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தையும் வடித்துவிடவேண்டும்.

‘காமன் ரெயில்’ என்னும் புதுமுறை டீஸல் எஞ்சின்களில் இஞ்செக்டர்க் குழாய்களின் நட்டை ஒருபோதும் தளர்த்தலாகாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேற்படும். அவ்வழுத்தத்தில் பீறிடும் டீஸல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் ஊசிமுனை அளவே தோன்றினும், தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

மலைப்பாதைக்குப் போகும் வண்டிகள்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 330 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகமண்டலமோ சுமார் 2,240 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி இங்கிருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் உள்ள பழைய ஜீப்புகளும் கார்களும் இதை அறியாமல் கீழே விட்ட விகிதத்திலேயே பெட்ரோல் விடுவதால், மேலே கலவை தடித்துக் கரும்புகையும் தடுமாற்றமும் உண்டாகும். அங்கே திருகைத் திருப்பி ஓட்டத்தைச் சீராக்கிக்கொண்டு இறங்கினால், மேட்டுப்பாளையத்தில் கலவை நீர்த்து எஞ்சின் நின்று நின்று போகும். எனவே திருகைத் தொடுமுன் அது எத்தனை சுற்றில் இருந்ததென்று எண்ணி எழுதிவைத்து, கீழே வந்ததும் பழையபடி வைக்கவேண்டும். இஞ்செக்ஷன் வண்டிகள் உயரத்துக்கு ஏற்பத் தாமே அளவை மாற்றிக்கொள்ளும். அவை மேலே தடுமாறினால் உயரத்தைக் காரணம் சொல்லிவிட்டுவிடலாகாது.

இதனினும் முக்கியமானது பிரேக். பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் எஞ்சின் காற்றை இழுக்கும் சக்தியே ஒரு ரப்பர் டியூப் வழியாகப் பிரேக்குக்கு உதவி செய்கிறது. அந்த டியூப் தளர்ந்தால் எஞ்சின் தடுமாறுவதோடு பிரேக்கும் கனத்துப்போகும். எஞ்சின் நின்றுவிட்டால், சில மிதிப்புகளுக்குப் பிறகு பிரேக் உதவி தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். குன்னூர், கோத்தகிரிப் பாதைகளின் வளைவுகளில் பாரமேற்றி இறங்கும் வண்டிக்கு இது உயிர் சம்பந்தமான விஷயமாகும். ஆகவே நிதான ஓட்டத்தில் தடுமாறும் வண்டியை மலையேற்றலாகாது.

பிரேக் உதவியைச் சோதிக்கும் விதம்: எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிரேக்கை நான்கைந்து தடவை மிதித்தால் மிதி கடினமாகும். அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டால் மிதி சிறிது கீழே இறங்கவேண்டும். இறங்காவிடில் டியூப்பையும் அதன் வால்வையும் உடனே பார்க்கவேண்டும்.

பட்டறைக்குப் போகவேண்டியது எப்போது?

கைபட்ட இடங்களையெல்லாம் பார்த்தும் குணமில்லையாயின், வீண் செலவு செய்யாமல் கருவியுள்ள பட்டறையை நாடவேண்டும். புது வண்டிகளில் ஸ்கேனர் என்னும் கருவியை இணைத்தால் குற்றக் குறியீடு கிடைக்கும். பி 0301 முதல் பி 0304 வரையிலுள்ளவை முறையே முதல் சிலிண்டர் முதல் நான்காம் சிலிண்டர் வரையில் எரிப்புத் தவறுவதைக் காட்டும். பி 0300 பல சிலிண்டர்களில் தவறுவதையும், பி 0171 கலவை நீர்த்ததையும் காட்டும். குறியீடு வலிக்கும் இடத்தைச் சொல்லுமேயன்றி வலியின் காரணத்தைச் சொல்லாது. பி 0171 கண்டதும் காற்றளவுக் கருவியை மாற்றுவது, காய்ச்சல் கண்டதும் காரணம் விசாரிக்காமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். கழன்ற டியூப்பாலும் அதே குறியீடு வரும்.

கீழ்க்கண்டவற்றில் தாமதம் கூடாது: எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னுதல், உலோகம் தட்டும் ஓசை, டைமிங் பெல்ட் மாற்றியபின் தடுமாறுதல். பெல்ட் ஒரு பல் தவறினாலும் வால்வின் நேரம் மாறிவிடும். அதிகம் தவறினால் சில எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். டாப்பெட் இடைவெளியை மிகக் குறுக்கிவிட்டாலும், சூடேறியபின் வால்வு முழுதும் மூடாமல் நிதான ஓட்டம் கெடும். நாளடைவில் வால்வு கருகும்.

எச்சரிக்கைகள்

மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு மணமும் நிறமும் அற்றது. அறியாமலே உயிரைக் குடிக்கும். வேஷ்டி முனை, தோள்துண்டு, சேலைத் தலைப்பு ஆகியவை பெல்ட்டிலும் விசிறியிலும் சிக்காதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். மின்சார விசிறி எஞ்சின் நின்றபின்னும் திடீரெனச் சுழலக்கூடும். பெட்ரோல் சம்பந்தமான வேலையின்போது பீடியும் நெருப்பும் அருகில் இருக்கலாகாது. சிறுவர்களை அண்டவிடலாகாது.

வண்டிக்கு ஒரு புத்தகம்

நிலத்துக்குக் கணக்கு வைப்பதுபோல வண்டிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்பது நலம். தேதி, ஓடிய தூரம் அல்லது மணி, செய்த வேலை, போட்ட சாமான், செய்தவர் பெயர் ஆகிய ஐந்தையும் குறித்தால் போதும். கூட்டுறவுச் சங்கத்தின் வாடகை டிராக்டரைப் போலப் பலர் ஓட்டும் யந்திரங்களுக்கு இது இன்றியமையாதது. நேற்று யார் எதைக் கழற்றினார் என்பது இன்று ஓட்டுகிறவருக்குத் தெரியாவிட்டால், மேலே கூறிய முதல் விதியைக் கையாளவே வழியில்லை. கிராம உத்தியோகஸ்தர்களும் சங்கக் காரியதரிசிகளும் இத்தகைய புத்தகம் வைக்கும் வழக்கத்தை ஊக்குவிப்பார்களாக.

கழற்றுமுன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதும் சாலச் சிறந்தது. கைப்பேசி இருப்பதால் அதற்குச் செலவில்லை. கழற்றிய திருகுகளையும் கிளிப்புகளையும் வரிசையாக ஒரு தட்டில் வைத்து, வேலை முடிந்ததும் தட்டு காலியாயிருக்கிறதா என்று பார்த்து, பிறகு எஞ்சினைப் பத்து நிமிஷம் நிதானமாக ஓடவிட்டுக் கவனிக்கவேண்டும். பாரம் ஏற்றுமுன் களத்தில் செலவிடும் இந்தப் பத்து நிமிஷம், நடுவழியில் வாழைத்தாரோடு நிற்கும் பொழுதை மிச்சப்படுத்தும்.